பிள்ளைகளும் இணையமும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

என் மகனுக்கு 15 வயது. இன்ஸ்டாகிராமில் பழகிய ஒரு பெண்ணுக்கு அந்தரங்கப் படம் அனுப்பிவிட்டான். இப்போது பணம் கேட்டு மிரட்டுகிறார்கள். கொடுத்துவிட்டால் முடிந்துவிடுமா? (ஒரு தாய், மதுரை)

கொடுக்காதீர்கள் அம்மா. கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். பள்ளி ஒன்றில் நான் பேசி முடித்ததும், எல்லோரும் போகும்வரை காத்திருந்த பையன் ஒருவன் போனை நீட்டினான். கை நடுங்கியது. அக்காவின் போனிலிருந்து மூன்று முறை பணம் அனுப்பியிருந்தான். நாலாவது மிரட்டல் அப்போதுதான் வந்திருந்தது.

முதலில் மகனிடம், "உன்மேல கோபம் இல்ல, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லுங்கள். இன்று இரவு அவனைத் தனியாக விடாதீர்கள்.

அப்புறம், அரட்டையை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தக் கணக்கின் பெயர், பணம் அனுப்பச் சொன்ன யுபிஐ முகவரி இரண்டும் தெரிய வேண்டும். அதன் பிறகு பிளாக் செய்யுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகார் கொடுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

படம் பரவுமே என்ற பயத்துக்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கானது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது, அதன் டிஜிட்டல் கைரேகை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீடு மட்டும் போகும். அதை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் படத்தைத் தேடி நீக்கும். வாட்ஸ்அப் அரட்டைக்குள் இது எட்டாது.

போலீசுக்குப் போனால் பிள்ளையின் பெயர் கெட்டுவிடாதா? (ஒரு தந்தை, தஞ்சாவூர்)

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது. வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம், வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. ஆண் பிள்ளைகளுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. தயங்காமல் போங்கள்.

பேரன் கேம் விளையாடிப் பணத்தைச் செலவழிக்கிறான். (ஒரு தாத்தா, சேலம்)

பிளே ஸ்டோர் அமைப்பில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றுங்கள் ஐயா. அந்தப் பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியக் கூடாது.

டியூஷன் குரூப்பில் இருந்து என் நம்பரை எடுத்து ஒருவர் தினமும் ராத்திரி மெசேஜ் அனுப்புகிறார். அம்மாகிட்ட சொன்னா போன் போயிடும். (9ஆம் வகுப்பு மாணவி)

கேட்டதே நல்லதும்மா. தப்பு அவருடையது, உன்னுடையது இல்லை. பதில் அனுப்பாதே, வந்ததை அழிக்காதே. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கு நீயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. ஆனால் அம்மாவுக்கும் தெரிய வேண்டும். வாயால் சொல்ல முடியாவிட்டால் ஒரு தாளில் எழுதிக் கொடு. முதல் வரியில், "போனைப் பிடுங்காம முழுசா படிங்கம்மா" என்று எழுது.