மலிவான மருந்து இருந்தும் ஏன் மரணம்?

கேள்வி: பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசி விலை குறைவுதானே? பிறகும் தாய்மார்கள் ஏன் இறக்கிறார்கள்?

பதில்: ஊசியின் விலையை மட்டும் பார்த்தால் கணக்கு தவறும். ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். மின்சாரம் நின்று குளிர்பெட்டி சூடானால் மருந்து வீரியம் இழக்கும். பார்வைக்கு அது தெரியாது. போட்ட 10 யூனிட்டும் வீண். அதே வேலைக்கான, வெப்பத்தைத் தாங்கும் கார்பெட்டோசின் ஊசியின் விலை பல இடங்களில் கூடுதல்தான், ஆனால் குளிர்பெட்டிச் செலவு மிச்சம். ஆனால் கார்பெட்டோசின் தடுப்புக்கு மட்டுமே. தொடங்கிவிட்ட ரத்தப்போக்குக்கு ஆக்சிடோசினே வேண்டும்.

அடுத்த ஓட்டை, அளப்பது. துணியில் ஊறிய ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடுபவர்கள் பெரும்பாலும் குறைத்தே சொல்வார்கள். இடுப்புக்குக் கீழே விரிக்கும் அளவுக்கோடிட்ட பிளாஸ்டிக் பையில் ரத்தம் 500 மில்லியைத் தொடுவது நேராகவே தெரியும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், இந்தப் பையோடு உடனடி சிகிச்சைத் தொகுப்பும் (மருந்துகள் உள்ளிட்ட பல சிகிச்சைகளை ஒன்றாகத் தருவது) சேர்ந்தபோது, 93% ரத்தப்போக்குகள் கண்டுபிடிக்கப்பட்டன. வழக்கமான முறையில் 51% மட்டுமே. என் பார்வையில், பணம் குறைவான இடத்தில் முதலில் வாங்க வேண்டியது இந்தப் பைதான்.

ரத்தப்போக்கு தொடங்கிவிட்டால் நேரமும் முக்கியம். ரத்தம் உறைய உதவும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராமை, பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள், 10 நிமிடத்தில் மெதுவாக ரத்தநாளத்தில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு 15 நிமிடத் தாமதமும் பலனில் ஏறத்தாழ 10% குறைக்கிறது. தாமதித்தால் அடுத்து வரும் பில் ரத்தம், அறுவை சிகிச்சை, தீவிர சிகிச்சைப் பிரிவு என நீளும். அது பெரும்பாலும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது.