ஜாமீன் கிடைத்து 23 நாள், தம்பி இன்னும் உள்ளே: வாசகர்களின் சட்டக் கேள்விகள்

கேள்வி: என் தம்பி வெளி மாவட்டத்தில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தான். துணி திருடியதாகப் புகார் கொடுத்துக் கைது செய்தார்கள். ஜாமீன் கிடைத்து 23 நாட்கள் ஆகின்றன. இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும், இருவரும் அந்த மாவட்டத்தில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும் என்கிறார்கள். எங்களுக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது. என்ன செய்வது?
- வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தைப் போன்ற கடிதங்கள் மாதம் ஒன்றாவது வருகின்றன. ஜாமீன் உத்தரவு கிடைப்பது ஒரு கட்டம். பிணைப் பத்திரம் ஏற்கப்பட்டு, விடுவிப்பு ஆணை சிறைக்குப் போய்ச் சேர்வது வேறொரு கட்டம். ஏழைக் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கட்டத்தில்தான் சிக்கிக்கொள்கின்றன. ரத்த உறவுள்ளவர் கிராமத்தில் இருக்கிறார். அந்த ஊரில் இருப்பவருக்கு ரத்த உறவு இல்லை. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவரிடம் இரண்டையும் சேர்த்துக் கேட்பது, கொடுத்த ஜாமீனைத் திரும்பப் பெறுவதற்குச் சமம் என்பதே என் கருத்து.

உச்ச நீதிமன்றம் இதை 1978-லேயே மோத்திராம் வழக்கில் கண்டித்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு கொத்தனாருக்கு 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்ட மாஜிஸ்திரேட், பிணை நிற்க வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பதாகக் கூறி அவரை ஏற்க மறுத்துவிட்டார். அந்தக் கொத்தனாரை 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடுவிக்க உத்தரவிட்ட நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண ஐயர், தமிழரோ மலையாளியோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைதானால் உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்ற பொருளில் கேட்டார். தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், ஜாமீன்தாரர்கள் குடும்ப அட்டை, ஆதார், வீட்டு வரி ரசீது ஆகியவற்றின் நகல்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு காலை முதல் நீதிமன்ற வராந்தாவில் காத்திருப்பதையும், ரசீதில் ஓர் எழுத்து மாறியிருந்தால் மறுநாள் வரச் சொல்லப்படுவதையும் வாரந்தோறும் பார்க்கிறேன். கூலி வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்பவர்கள் என்றொரு கூட்டம் உருவானதற்கும் இந்தக் கெடுபிடிதான் காரணம். அவர்களிடம் போகாதீர்கள், போலி ஆவணம் என்று தெரியவந்தால் உங்கள் தம்பிக்கு ஜாமீனும் போகும், புது வழக்கும் வரும்.

உங்களுக்கு நேரடியாக உதவக்கூடியவை 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த வழிகாட்டுதல்கள். ஜாமீன் உத்தரவின் நகலை அன்றோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். 7 நாட்களுக்குள் கைதி வெளியே வராவிட்டால், கண்காணிப்பாளர் அதை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் (இலவசச் சட்ட உதவி தரும் அமைப்பு) செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். செயலாளர் குடும்பத்தின் பொருளாதார நிலை குறித்து அறிக்கை பெற்று, நிபந்தனையைத் தளர்த்துமாறு நீதிமன்றத்தைக் கேட்கலாம். வெளியே வந்தால்தான் ஜாமீன்தாரரைத் தேட முடியும் என்று கைதி சொன்னால், குறிப்பிட்ட காலத்துக்குத் தற்காலிக ஜாமீன் வழங்குவது பற்றியும் நீதிமன்றம் பரிசீலிக்கலாம். ஒரு மாதத்துக்குள் பிணைப் பத்திரம் தரப்படாவிட்டால், நீதிமன்றமே தானாக முன்வந்து நிபந்தனையை மாற்ற வேண்டுமா என்று பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்துவதும் விடுதலையைத் தாமதப்படுத்துகிறது என்பதால், அத்தகைய நிபந்தனையை விதிக்க வேண்டாம் என்றும் அந்த உத்தரவு கூறுகிறது.

ஆகவே ஒரு மாதம் நிறைவடையும்வரை காத்திருக்காதீர்கள். ஜாமீன் வழங்கிய அதே நீதிமன்றத்தில், நிபந்தனையைத் தளர்த்தக் கோரும் மனுவை வழக்கறிஞர் மூலம் இந்த வாரமே தாக்கல் செய்யுங்கள். உங்கள் வருமானச் சான்றையும், ஊரில் உள்ள உறவினர் ஒருவர் ஜாமீன் நிற்கத் தயாராக இருப்பதற்கான ஆவணத்தையும் இணையுங்கள். ஜாமீன் தொகை மிகையாக இருக்கக்கூடாது என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 484-வது பிரிவு சொல்வதையும் மனுவில் குறிப்பிடச் சொல்லுங்கள். ரொக்கமாகக் கட்ட வேண்டிய தொகைதான் தடை என்றால், 2023-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஏழைக் கைதிகளுக்கான திட்டத்தின் கீழ் உதவி கேட்கலாம். போதைப்பொருள் போன்ற சில வழக்குகளுக்கு அது பொருந்தாது.

கேள்வி: நான் மாதச் சம்பளம் வாங்கும் பெண். ஜீவனாம்ச வழக்குக்கு இலவச வழக்கறிஞர் கேட்டால், "இது வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு" என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
- வாசகி, திண்டிவனம்

பதில்: உண்மையல்ல. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவில் வருமான வரம்பு என்பது தனியான ஒரு வகை மட்டுமே. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் தடையில்லை. முதல் கேள்வியில் வரும் தம்பிக்கும் இது பொருந்தும். இந்தத் தகவல் தெரியாமல் வட்டிக்குக் கடன் வாங்கி வழக்கறிஞர் கட்டணம் கொடுத்த குடும்பங்களை நான் அறிவேன். நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் வட்டச் சட்டப்பணிகள் குழுவிலோ மாவட்ட ஆணைக்குழுவிலோ மனு கொடுங்கள்; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நியமிக்கப்படும் வழக்கறிஞருக்கு ஆணைக்குழுவே கட்டணம் தருகிறது. அவர் உங்களிடம் தனியாகப் பணம் கேட்டால், ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுத்து மூலம் புகார் செய்து, வேறு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கேள்வி: 3 ஆண்டு வரை தண்டனை உள்ள திருட்டு வழக்கில் என் கணவர் 13 மாதமாக விசாரணைக் கைதியாக இருக்கிறார். முன்பு எந்த வழக்கும் இல்லை. வழி உண்டா?
- வாசகி, விருதுநகர்

பதில்: உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவின்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் பிணைப் பத்திரத்தின் பேரில் விடுவிக்கப்பட வேண்டும். உங்கள் கணவருக்கு அந்தக் காலம் ஓராண்டு. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே கைதானவர்களுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்திவிட்டது. வேறு வழக்குகளும் நிலுவையில் இருந்தால் இந்தப் பிரிவின் பலன் கிடைக்காது என்பதைக் கவனியுங்கள். நீதிமன்றத்துக்கு எழுதும் கடமை சிறைக் கண்காணிப்பாளருக்கே உண்டு. அடுத்த முறை கணவரைப் பார்க்கச் சிறைக்குப் போகும்போது, கைதான தேதியையும் வழக்கு எண்ணையும் குறிப்பிட்டுக் கண்காணிப்பாளர் பெயருக்கு ஒரு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.