கோமாளி மீனின் வெள்ளைப் புள்ளி மறைந்துவிட்டது; பெரிய தொட்டிக்கு மாற்றலாமா?

தனித்தொட்டியில் காப்பர் (செம்பு) மருந்து போட்ட நான்காம் நாளே புள்ளி போய்விட்டது என்கிறீர்கள். மாற்றாதீர்கள். மருந்தே இல்லாவிட்டாலும் அது மறைந்திருக்கும். இந்தப் புள்ளிக்குக் காரணமான கிரிப்டோகாரியான் ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் 3 முதல் 7 நாள் தின்றுவிட்டுத் தானாகவே உதிர்ந்து, அடியில் கூடு கட்டிக்கொள்ளும். தோலுக்குள்ளும் கூட்டுக்குள்ளும் காப்பர் எட்டாது. கூடு உடைந்து நீந்தி வரும் குஞ்சுகளை மட்டுமே அது கொல்லும். அதனால்தான் முழுசாக 30 நாள் மருந்திலேயே வைக்க வேண்டும்.

கீலேட் வகைக் காப்பர் (வேறொரு சேர்மத்தோடு பிணைத்த செம்பு) என்றால் 2.0–2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு), இரண்டு நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். குப்ரமைன் என்ற பிராண்டு காப்பர் மருந்து என்றால் 0.5 பிபிஎம் போதும். கீலேட் அளவைக் குப்ரமைனுக்குப் போட்டால் மீன் செத்துவிடும். மணல், பாறை, வடிகட்டிக் கார்பன் எதுவும் வேண்டாம், காப்பரை உறிஞ்சிவிடும். ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி எல்போ போதும்.

பெரும்பாலும் கோட்டைவிடுவது தண்ணீர் மாற்றும்போதுதான். 40 லிட்டரில் 10 லிட்டரை வெறும் உப்புநீரால் மாற்றினால் 2.25 பிபிஎம் 1.7 ஆகிவிடும், நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து. புது நீரிலும் அதே அளவு மருந்தைக் கலந்தே ஊற்றுங்கள். அம்மோனியா ஏறினால் தண்ணீர்தான் மாற்ற வேண்டும். அம்மோனியா முறிக்கும் திரவங்கள் சில காப்பரைக் கடும் நஞ்சாக்கிவிடும்.

அங்கே மிஞ்சிய ஒட்டுண்ணி மீன் கிடைக்காமல் செத்துப்போக, பெரிய தொட்டி 76 நாள் மீனே இல்லாமல் கிடக்கட்டும். பவளமும் இறாலும் அங்கேயே இருக்கலாம்; காப்பர் மட்டும் அங்கே ஒரு சொட்டுகூட வேண்டாம்.