மாலை நடையை முற்பகலுக்கு மாற்றிப் பாருங்கள்

நான்கு வயது மகளும் ஒன்றரை வயது மகனும் மாலையில் பூங்காவுக்குப் போன சிறிது நேரத்திலேயே குளிரில் அழத் தொடங்கிவிடுகிறார்கள், இலையுதிர்காலத்தை அனுபவிக்கவே முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் நேரத்தை மாற்றுங்கள். செப்டம்பர் 22, 23-ஐ ஒட்டிய வாரங்களில்தான் பகல் மிக வேகமாகச் சுருங்கும். வெயில் சாய்ந்ததும் குளிர் இறங்கிவிடும். முற்பகலில் போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அப்புறம் உடை. ஒரே தடித்த கோட்டைவிட மெல்லிய அடுக்குகள் நல்லது. உடம்பை ஒட்டிப் பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் எளிதில் காயாது. மெல்லிய கம்பளி போடுங்கள். மகன் தள்ளுவண்டியில் அசையாமல் இருந்தால், ஓடியாடும் அக்காவைவிட அவனுக்கு ஓர் அடுக்கு கூடுதலாக வேண்டும். கை சில்லென்றிருந்தால் பதறாதீர்கள். பிடரியைத் தொட்டுப் பாருங்கள், அங்கே கதகதப்பாக இருந்தால் போதும்.

தூரம் நடக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒரே மரத்தடி போதும், உண்மையாகத்தான் சொல்கிறேன். இலையின் பச்சையம் சிதையும்போது, முன்பே உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல, பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான் புதிதாக உருவாகிறது. பாதி பச்சை, பாதி மஞ்சளாக உள்ள இலையை மகளைத் தேடச் சொல்லுங்கள். நான்கு வயதில் அது பெரிய வேட்டை!

சின்னவன் எதையும் வாயில் வைப்பான். காளான், காட்டுப் பழங்கள் பக்கம் கண் இருக்கட்டும். புல்வெளியில் உருண்டிருந்தால், வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.