டட்சன் வாங்கலாமா? வண்டியைவிடத் தரகரைப் பாருங்கள்

கேள்வி: பெங்களூரு கே.ஆர்.புரத்தில் வசிக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி. ஆட்டோவில் ஏறி இறங்கச் சிரமப்படுகிறார். தரகர் ஒருவர் 2017ஆம் ஆண்டு டட்சன் ரெடி-கோ காட்டினார். 800 சிசி, சென்னைப் பதிவு எண், 48,000 கிலோமீட்டர் ஓடியது, விலை 1.65 லட்சம். "கம்பெனியையே மூடிவிட்டார்கள், ஒரு ஸ்க்ரூகூடக் கிடைக்காது" என்கிறார் என் மைத்துனர். தரகரோ, "தமிழ்நாட்டு எண்ணிலேயே ஒரு வருடம் ஓட்டலாம், பெயர் மாற்றத்தை மெதுவாகச் செய்துகொள்ளலாம்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: உங்கள் மைத்துனர் தவறான இடத்தில் பயப்படுகிறார். பயப்பட வேண்டியது தரகர் சொன்ன கடைசி வாக்கியத்துக்கு. மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருபத்தேழு வருடம் இந்த ஊரில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்தவன் நான். வண்டியால் கெட்டவர்களைவிட "மெதுவாக" என்ற சொல்லால் கெட்டவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மைத்துனருக்குப் பதில்.

டட்சன் நேற்றுப் பிறந்த பெயர் அல்ல. 1914இல் டோக்கியோவில் ஒரு சிறு தொழிற்கூடம், தனக்குப் பணம் போட்ட டென், அவோயாமா, டகேயுச்சி என்ற மூவரின் முதலெழுத்துகளைச் சேர்த்து டி.ஏ.டி. (டட்) என்று ஒரு காருக்குப் பெயர் வைத்தது. 1931இல் வந்த சிறிய காருக்கு 'டட்டின் மகன்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் டட்-சன் என்று பெயரிட்டார்கள். மகனைக் குறிக்கும் அந்தச் சொல் ஜப்பானிய மொழியில் 'நட்டம்' என்று பொருள்படும் சொல்லைப் போல ஒலித்ததால், சூரியனைக் குறிக்கும் எழுத்துக்கூட்டுக்கு மாற்றினார்கள். பெயரில் இருந்த நட்டம் போனது. கணக்கில் வந்த நட்டத்தை அப்படி எழுத்து மாற்றிப் போக்க முடியவில்லை. 1930களிலேயே நிசான் கைக்குப் போன இந்தப் பெயர் உலகமெல்லாம் விற்றது. எண்பதுகளில் நிசானே அதை நிறுத்தியது. 2012இல் மலிவு விலைக்காரர்களுக்கென்று மறுபடி உயிர் கொடுத்தார்கள். 2014 மார்ச்சில் 'கோ' 3.12 லட்சத்துக்கு வந்தது, 2015இல் 'கோ பிளஸ்', 2016 ஜூனில் உங்கள் ரெடி-கோ சுமார் 2.39 லட்சத்துக்கு. எல்லாமே சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் செய்தவை. 2022 ஏப்ரலில் இந்தியாவிலும் கடையைக் கட்டினார்கள்.

கட்டியது டட்சன் என்ற பலகையை மட்டும்தான். நிசான் இருக்கிறது. சர்வீஸும் பாகங்களும் தங்கள் சர்வீஸ் நிலையங்களில் தொடரும் என்று அப்போதே அறிவித்தார்கள். அதைவிட முக்கியமானது இன்னொன்று: ரெடி-கோவும் ரெனோ க்விடும் ஒரே அடித்தளத்தில் பிறந்த வண்டிகள். உங்கள் 800 சிசி எஞ்சின் க்விடில் ஓடுகிற அதே மூன்று சிலிண்டர் எஞ்சின். க்ளட்ச், பில்டர், பிரேக் சமாச்சாரங்களுக்கு ஜே.சி. ரோட்டில் கடைக்காரரிடம் 'டட்சன்' என்று கேட்டால் கையை விரிப்பார். 'க்விட்' என்று கேளுங்கள், பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள்; பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

கஷ்டம் தகரத்திலும் கண்ணாடியிலும்தான். முன்விளக்கு, பம்பர், கதவு, பின்விளக்கு எல்லாம் ரெடி-கோவுக்கே உரியவை. சர்வீஸ் நிலையத்தில் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும், அல்லது சிவாஜிநகர் குஜ்ரியில், அதாவது பழைய சாமான் சந்தையில், தேட வேண்டும். ஆகவே பார்க்கும் வண்டியில் விளக்கு உடைந்திருந்தால், "முந்நூறு ரூபாய் வேலை சார்" என்று தரகர் சொல்வதை நம்பாதீர்கள். அவரையே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? நான் சர்வேக்குப் போகும்போது கேட்டவரை, திட்டுகிறவர்களும் மைலேஜைத் திட்டுவதில்லை. 635 கிலோ எடைதான். நிறுவனம் சொன்ன கணக்கு லிட்டருக்கு 25.17. சில்க் போர்டு நெரிசலில் 15, 16 வந்தாலே நிம்மதி அடையுங்கள். தரையிலிருந்து 185 மில்லிமீட்டர் உயரம் இருப்பதால் நம் ஊர் வேகத்தடைகளில் வயிறு இடிக்காது. முன்கண்ணாடிக்கு ஒரே வைப்பர், சக்கரத்துக்கு மூன்றே நட்டு. சிக்கனத்தை அப்படி எண்ணி எண்ணிச் செய்திருக்கிறார்கள். சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் நடுங்கும், கதவைச் சாத்தினால் டப்பா மூடுகிற சத்தம் வரும், விற்கப் போனால் விலை கிடைக்காது. இந்தக் கடைசிக் குறைதான் இப்போது உங்களுக்கு லாபம்.

ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன். 2014 நவம்பரில் குளோபல் என்கேப் அமைப்பு 'கோ' வண்டியை மோதிப் பார்த்துப் பூஜ்ய நட்சத்திரம் கொடுத்தது. உடற்கூடே நிலைகுலைவதால் ஏர்பேக் வைத்தும் பயனில்லை என்று சொல்லி, விற்பனையிலிருந்தே எடுக்கச் சொன்னது. ரெடி-கோ 2019 சோதனையில் ஒரு நட்சத்திரம் வாங்கியது, அதுவும் ஓட்டுநர் ஏர்பேக் இருந்த வண்டி. 2017இல் அந்த ஏர்பேக் மேல்வகையான 'எஸ்'ஸில் மட்டுமே கிடைத்தது; சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்கும் ஏ.பி.எஸ். எதிலும் கிடையாது. 'எஸ்' என்றால் பாருங்கள், இல்லையென்றால் விடுங்கள். வாங்கினாலும் அப்பாவை மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் அழைத்துப் போக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் நூறில் ஓட்டும் வண்டி இது அல்ல.

இனி தரகர்.

பழைய கார் கடை ஒன்றில் மேசை டிராயரைத் திறந்தபோது நான் பார்த்தது இது: ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பெயர் மாற்றப் படிவங்கள், 29ம் 30ம், ஒவ்வொன்றிலும் பழைய உரிமையாளரின் கையெழுத்து. தேதி இல்லை, வாங்குபவர் பெயரும் இல்லை. தரகர் வண்டியைத் தன் பெயருக்கு மாற்றுவதே இல்லை. கட்டணமும் வரியும் மிச்சம். யாராவது வந்தால் வெற்றிடத்தில் அவர் பெயரை எழுதுவார். நடுவில் வண்டி மூன்று கை மாறியிருந்தாலும் பதிவேட்டுக்கு ஒன்றும் தெரியாது. பழைய கார் வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், உரிமையாளர் வண்டியை வியாபாரியிடம் ஒப்படைத்ததைத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரலிலிருந்து விதியே இருக்கிறது. உங்கள் தரகரிடம் அந்தச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் பெரிய ஷோரூம்காரர்களுக்கு" என்று சிரிப்பார். அவர் சிரிப்பதற்குக் காரணம், வந்து கேட்க வேண்டியவர்கள் வந்து கேட்காததுதான்.

ஒரு இளைஞன் இப்படித்தான் 'மெதுவாக' என்று ஒரு ஹேட்ச்பேக் வாங்கினான். நான்காம் மாதம் லாரியின் பின்னால் மோதி முன்பக்கம் முழுவதும் போனது. அறிக்கை எழுதப் போனது நான். இன்சூரன்ஸ் பழைய உரிமையாளர் பெயரில், ஆர்.சி.யும் அவர் பெயரில். பணம் கொடுத்ததற்கு அத்தாட்சி என்று தரகர் எழுதித் தந்த துண்டுச் சீட்டை நீட்டினான், அதில் வண்டி எண்கூடத் தப்பு. சேதத்துக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. சட்டப்படி மூன்றாம் நபருக்கான காப்பீடு வண்டியோடு சேர்ந்து வரும். உங்கள் வண்டியின் சேதத்துக்கான காப்பீடு அப்படித் தானாக வராது. மாற்றச் சொல்லி 14 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய உரிமையாளர் இழப்பீடு கேட்காமல் சேர்த்த 'நோ கிளெய்ம்' பிரீமியச் சலுகை அவருடையது, உங்களுக்கு வராது. ஆகவே பிரீமியம் கூடும். "சலுகையும் உங்களுக்கே" என்று தரகர் சொன்னால் அதுவும் பொய்.

விற்றவருக்கும் ஆபத்து உண்டு. பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னையில் இருக்கும் அந்த உரிமையாளரிடம் நீங்களே தொலைபேசியில் பேசுங்கள். அவரும் இதைக் கேட்டால் வேகமாகக் கையெழுத்துப் போட வருவார். எண்ணைத் தரத் தரகர் மறுத்தால் அங்கேயே வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

சென்னை வண்டி என்பதால் இன்னொரு சோதனை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அங்கே ஏராளமான கார்கள் மூழ்கின. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் பக்கம் இங்கேயும் மூழ்கின. கழுவி, வாசனை தெளித்து, எல்லை தாண்டி விற்றுவிடுவார்கள். இருக்கைக்கு உறை போடலாம், தரைவிரிப்பை மாற்றலாம். சீட் பெல்ட்டை மட்டும் யாரும் முழுவதும் இழுத்துக் கழுவுவதில்லை. ஓட்டுநர் பக்கப் பட்டையை மெதுவாக, கடைசிவரை இழுங்கள். அடியில் சுருண்டு கிடந்த பகுதியில் காய்ந்த சேற்றுக் கோடு தெரிந்தால் 50,000 ரூபாய்க்குக் கொடுத்தாலும் வேண்டாம். 48,000 கிலோமீட்டர் கணக்குக்கு டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் பாருங்கள்: 1217 என்றால் 2017இன் 12ஆவது வாரத்தில் செய்தது. "டயர்கூட மாற்றவில்லை சார்" என்ற பேச்சும் அந்த எண்ணும் ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும்.

அந்த "ஒரு வருடம் ஓட்டலாம்" விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு, வேறு மாநிலத்தில் பதிந்த வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் புதிய எண் வாங்க வேண்டும் என்கிறது. ஓசூரில் குடியிருந்து எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்பவருக்கு இது பொருந்தும். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து தன் வண்டியையே கொண்டுவந்தவருக்குப் பொருந்தும். இதற்காக அத்திப்பள்ளி சுங்கச்சாவடி ரசீதுகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து சன்வைசரில் செருகி வைத்திருந்தவரை எனக்குத் தெரியும். போலீஸ்காரர் நிறுத்தினால் "நேற்றுதான் வந்தேன்" என்று ஒன்றை உருவுவார். இப்போது பாஸ்டேக் கணக்கு போகவும் வரவும் இரண்டையும் சொல்லிவிடுகிறது. நீங்கள் இந்த இரண்டு வகையிலும் இல்லை. கே.ஆர்.புரத்தில் குடியிருக்கிறீர்கள், வாங்கப் போகிறீர்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கர்நாடக முகவரிக்கு மாற்றினால் கர்நாடக வரி கட்ட வேண்டும். ஒரு வருடச் சலுகை உங்களுக்குக் கிடையாது. ஓசூரில் இருக்கும் மாமா பெயரில் வாங்கி நீங்கள் ஓட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மாமாவின் வண்டி மாமாவின் வீட்டில் நிற்கும்வரை சரி. 

நாடு முழுவதற்கும் 'வாகன்' என்று ஒரே தரவுத்தளம் வைத்திருக்கிறார்கள். சென்னை வண்டியின் விவரம் கே.ஆர்.புரம் குமாஸ்தாவின் திரையில் தெரிகிறது. இருந்தும் சென்னை ஆர்.டி.ஓ.விலிருந்து 28ஆம் படிவத்தில் ஆட்சேபணை இல்லாச் சான்று வர வேண்டும், சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்தெடுத்த பிரதி ஒட்ட வேண்டும், வண்டியையே கொண்டுபோய் ஆய்வாளர் முன் நிறுத்த வேண்டும். இந்தப் பென்சில் இருக்கும்வரை தரகர்களும் இருப்பார்கள். ஆட்சேபணை இல்லாச் சான்று கே.ஆர்.புரம் அலுவலகத்தின் பெயருக்கே வாங்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். வேறு ஊர்ப் பெயர் இருந்தால் அது வெறும் தாள். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவாகியிருந்தால், அது தீர்ந்துவிட்டது என்பதற்கு 35ஆம் படிவமும் வங்கிக் கடிதமும் வேண்டும்.

வரி, நீங்கள் கொடுக்கும் விலையின் மேல் அல்ல, வண்டி புதிதாக இருந்தபோதைய விலையின் மேல். ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட புது வண்டிக்கு 13 சதவீதம். வயதாக ஆகக் குறையும். சரியான தொகையை ஆர்.டி.ஓ.வில் கேட்டு எழுதி வாங்கி, அதை 1.65 லட்சத்திலிருந்து கழித்துவிட்டுப் பேரத்தைத் தொடங்குங்கள். தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியில் மிச்சக் காலத்துக்குரியதைத் திரும்பக் கேட்கலாம். வரும், எப்போது என்று கேட்காதீர்கள். ஆட்சேபணை இல்லாச் சான்று கைக்கு வரும்வரை முன்பணமாக 5,000 ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள். மீதியைத் தரகர் கணக்குக்கு அல்ல, பழைய உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள்.

இந்த வார இறுதியில் வண்டியைப் பார்க்கப் போகும்போது மைத்துனரை வீட்டில் விட்டுவிட்டு அப்பாவை அழைத்துப் போங்கள். ரெடி-கோ உயரமான கட்டமைப்பு. முழங்காலை மடக்கிக் கீழே இறங்க வேண்டியதில்லை, உட்கார்ந்தபடி திரும்பிக்கொள்ளலாம். முன்னிருக்கையில் ஐந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஐந்தாவது முறையும் கதவின் மேல்விளிம்பைப் பிடிக்காமல் இறங்கினால் பேரத்துக்கு உட்காருங்கள்.