விண்வெளிக்குப் போய் வந்த பிளாஸ்டிக், அலமாரியில் வைத்திருந்தாலும் கெடுமா?

கதிர்வீச்சு பட்ட பிளாஸ்டிக்கை பூமிக்குக் கொண்டுவந்து சும்மா வைத்திருந்தால் மேலும் கெடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கெடும். எப்படி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து நிறையவே கெடும்.

எங்கள் தோட்டம் கோபி பக்கம். வேகவைத்த மஞ்சளைக் காயப்போட அப்பாரு ஒரு நீலப் படுதா வாங்கியிருந்தார். இரண்டு வருசம் களத்து வெயிலில் கிடந்தும் நன்றாகத்தான் இருந்தது. மடித்து, சாளையின் தகரக் கூரைக்கடியில் பரண்மேல் போட்டோம். அடுத்த மாசி மாசம் எடுத்து விரித்தால் மடிப்பு மடிப்பாக விரிசல். கையெல்லாம் நீலச் செதில். வெயிலே படாத இடத்தில் எப்படிக் கெட்டது என்று அப்பாருக்கு ஆறவே இல்லை.

பிற்பாடு பாலிமர் படித்தபோதுதான் எனக்கு விடை கிடைத்தது. பிளாஸ்டிக் என்பது நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். புற ஊதாக் கதிரோ எலெக்ட்ரானோ புரோட்டானோ பட்டால் சங்கிலி அறும். அறுந்த முனை எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்க்கும். வெற்றிடத்தில் பிடிக்க ஆக்சிஜன் கிடையாது. அதனால் பல முனைகள் உள்ளேயே சிக்கிக் கிடக்கும். காற்றுக்கு வந்ததும் ஆக்சிஜன் மெல்ல ஊறி, பெராக்சைடு என்ற எளிதில் உடையும் சேர்மம் உண்டாகி, மற்ற சங்கிலிகளையும் அறுக்கும். சூடு சேர்ந்தால் இன்னும் வேகம். எங்கள் படுதாவில் வெயில் தொடங்கியதைத் தகரச் சூடு தொடர்ந்தது, மடிப்பு காட்டிக்கொடுத்தது. செயற்கை மூட்டில் வைக்கும் பாலிஎதிலீனுக்கும் இதே கதைதான். காமாக் கதிரால் கிருமி நீக்கிக் காற்றோடு பொட்டலம் கட்டியவை, ஆளுக்குப் பொருத்தும் முன்பே அலமாரியில் நைந்தன. அப்புறம்தான் நைட்ரஜனிலோ வெற்றிடத்திலோ அடைக்கத் தொடங்கினார்கள்.

விண்வெளியில் நடக்கும் சேதமும் சாதாரணமில்லை. 1990-ல் ஏவிய ஹப்பிள் தொலைநோக்கியின் வெப்பப் போர்வையில் மேலடுக்கு டெஃப்லான் வகைப் படலம். 1997 பிப்ரவரியில் பழுதுபார்க்கப் போனவர்கள் அதில் நீள நீளமான கிழிசல்களைக் கண்டார்கள். கதிர்வீச்சு படலத்தை நொறுங்கும்படி ஆக்கியிருந்தது. சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை சூடும் குளிரும் மாறி மாறி இழுத்ததில் அது கிழிந்துவிட்டது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் காப்டன் என்ற, வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் படலத்துக்கு வேறு எதிரி: அணு ஆக்சிஜன், அதாவது ஜோடி பிரிந்து தனி அணுவாகத் திரியும் ஆக்சிஜன். அது மேற்பரப்பையே அரித்துத் தின்னும்.

சரி, மாதிரிகளை எப்படி வைப்பது? மடிக்காமல், இருட்டில், குளிர்ச்சியாக, ஈரமில்லாத நைட்ரஜனில். காற்றுப்பட்ட நாளையும் அளந்த நாளையும் எழுதி வையுங்கள். அந்தத் தேதிகள் இல்லாமல், எந்தச் சேதம் மேலே நடந்தது, எது அலமாரியில் நடந்தது என்று பிரிக்கவே முடியாது.