மைன்கிராஃப்டில் இருட்டு வாழிடம்: கேள்வி பதில்

வௌவால், குளோ ஸ்க்விட் (மின்னும் கணவாய்), சிலந்தி போன்ற உயிர்களுக்கு இருட்டில் வீடு கட்டுவதுதான் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எண்கள் எல்லாம் ஜாவா பதிப்புக்கானவை. பெட்ராக் என்ற இன்னொரு பதிப்பில் சில மாறும்.

கேள்வி: அண்ணா, வௌவாலுக்காக குகை மாதிரி ஒரு பெரிய அறை கட்டினேன். ஒரு டார்ச் கூட வைக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து பார்த்தா உள்ளே ஜாம்பி, கிரீப்பர் மாதிரி ஆளைத் தாக்குற உயிருங்கதான் நிக்குது. இருட்டா வச்சா இதுங்களைத் தடுக்கவே முடியாதா?

முடியும் தம்பி. நம் கண்ணுக்குத் தெரியும் இருட்டு வேறு, விளையாட்டு கணக்கில் எடுக்கும் இருட்டு வேறு. விளையாட்டுக்கு ஒளி என்பது 0 முதல் 15 வரை ஓர் எண். விளையாட்டின் உலகம் முழுவதும் சதுரக் கட்டங்கள்தான்; விசைப்பலகையில் எஃப்3 அழுத்தினால் நீங்கள் நிற்கும் கட்டத்தின் எண் திரையில் வரும். 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்புக்கு முன்னால், ஒளி 7 வரை இருந்தாலும் ஜாம்பி முளைக்கும், அதாவது தானாக உருவாகும். இப்போது விளக்கொளி சரியாக 0 ஆக இருக்கும் கட்டத்தில்தான் முளைக்கும். வௌவாலோ 3 வரை உள்ள ஒளியிலும் வரும். அதாவது 1, 2, 3 என்ற மூன்று எண்களும் நமக்குக் கிடைத்த இடைவெளி. தரை முழுவதும் இந்த மூன்றுக்குள் நின்றுவிட்டால் வௌவால் வரும், கிரீப்பர் வராது.

இதற்கு ஒற்றை மெழுகுவர்த்தியே போதும். ஏற்றி வைத்தால் அதன் ஒளி 3. ஒரு கட்டம் தள்ளினால் 2, இன்னொரு கட்டம் தள்ளினால் 1. குறுக்கே கணக்குப் போடும்போது பக்கவாட்டில் ஒன்று, நேராக ஒன்று என்று இரண்டாக எண்ண வேண்டும். இப்படிப் பார்த்தால் ஒரு மெழுகுவர்த்தி, தான் நிற்கும் கட்டத்தையும் சேர்த்து 13 கட்டங்களைக் காக்கும். முதலாவதிலிருந்து மூன்று கட்டம் கிழக்கே, இரண்டு கட்டம் வடக்கே போய் அடுத்ததை வையுங்கள். மறுபடி முதலாவதுக்கே வந்து, இரண்டு கட்டம் மேற்கே, மூன்று கட்டம் வடக்கே போய் இன்னொன்று. இதே கணக்கில் தொடர்ந்தால் எத்தனை பெரிய தரையும் இடைவெளியோ வீணோ இல்லாமல் நிரம்பிவிடும். பல விளக்குகளின் ஒளி ஒன்றோடொன்று கூடாது, எது பெரியதோ அதுதான் கணக்கு. அதனால் எங்கேயும் 3-ஐத் தாண்டாது. இந்த அடுக்கை முதன்முதலாகத் தாளில் வரைந்து பார்த்த இரவு, சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

சுவரில் பாறைத் திட்டு மாதிரி நீட்டியிருந்தால் அதுவும் தரைதான், மறக்க வேண்டாம். அங்கே மெழுகுவர்த்தி அழகாக இல்லை என்றால் கீழ்ப்பாதி ஸ்லாப் (அரை உயரப் பலகை) போடுங்கள், அல்லது மேலே கார்பெட் விரியுங்கள். இரண்டின் மேலும் எதுவும் முளைக்காது.

கேள்வி: பழுப்புக் காளானும் வெளிச்சம் தரும்னு சொல்றாங்களே, அதையே வச்சா என்ன?

அதன் ஒளி 1. தான் நிற்கும் கட்டத்துக்கு மட்டும்தான் காவல், பக்கத்துக் கட்டம் 0. அழகுக்கு வையுங்கள், காவலுக்கு நம்பாதீர்கள். காளான் நட ஒளி 12-க்குள் இருக்க வேண்டும் என்பதால் இருட்டறை அதற்கு ஏற்ற இடம். தானாகப் பரவவும் செய்யும்.

கேள்வி: பகலில் வெளியிலிருந்து உள்ளே பார்க்கணும், ஆனா வெயில் உள்ளே வரக் கூடாது. எப்படி?

டின்டெட் கிளாஸ். 1.17-இல் வந்தது. கண்ணாடி மாதிரி ஊடே பார்க்கலாம், ஒளி துளியும் கடக்காது. நடுவில் ஒரு கண்ணாடி, நாலு பக்கமும் அமெதிஸ்ட் சில்லு ஒவ்வொன்று வைத்தால் இரண்டு கிடைக்கும். தப்பான இடத்தில் வைத்துவிட்டாலும் கவலை இல்லை, உடைத்தால் சாதாரணக் கண்ணாடி போல் நொறுங்காமல் முழுசாகத் திரும்பக் கிடைக்கும்.

கேள்வி: என் வௌவால்கள் ஓயாம பறந்துக்கிட்டே இருக்கு, தலைகீழாத் தொங்கவே மாட்டேங்குது. கூரை முழுக்க டின்டெட் கிளாஸ். ஒளி 2-தான். என்ன குறை?

கூரைதான் குறை. மேலே முழுமையான திடக் கல் இருந்தால்தான் வௌவால் பிடித்துத் தொங்கும். எந்தக் கண்ணாடியும் அதற்குக் கல் இல்லை. நானும் முதல் வௌவால் வீட்டில் இதே கூரையைத்தான் போட்டேன். இரண்டு நாள் காத்திருந்தும் ஒன்றுகூடத் தொங்கவில்லை. கண்ணாடியைப் பக்கச் சுவருக்கு மாற்றிவிட்டு, கூரையை டீப்ஸ்லேட் கல்லால் மூடுங்கள். பார்வையாளர் நடைபாதையைக் கூரையிலிருந்து ஐந்தாறு கட்டம் தள்ளி வைப்பதும் முக்கியம். நாலு கட்டத்துக்குள் ஆள் வந்தால் தொங்குவது விழித்துப் பறந்துவிடும். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள், ஒளியை மட்டுமே குறை சொல்லிக்கொண்டு.

ஒவ்வொரு வௌவாலுக்கும் நேம் டேக்கால் ஒரு பெயர் வைத்துவிடுங்கள். இருட்டு அது உருவாகத்தான் தேவை. நீங்கள் தள்ளிப் போனதும் மறைந்துவிடாமல் இருக்கப் பெயர்தான் தேவை.

கேள்வி: குளோ ஸ்க்விட்டையும் ஆக்ஸலாட்டிலையும் ஒரே தொட்டியில் விடலாமா?

வேண்டாம். நீரில் வாழும் ஆக்ஸலாட்டில், ஸ்க்விட்டைத் துரத்தித் துரத்திக் கொன்றுவிடும். நடுவே கண்ணாடிச் சுவர் அவசியம். ஆக்ஸலாட்டிலை வாளியில் எடுத்துவரலாம், குளோ ஸ்க்விட்டை முடியாது. அதனால் ஸ்க்விட் இருக்கும் இடத்தில்தான் தொட்டி கட்ட வேண்டும்: உயரத்தைக் காட்டும் ஒய் எண் 30-க்குக் கீழே, ஒளி 0 உள்ள தண்ணீர். இன்னொன்று, அது மின்னுவது தோற்றம் மட்டுமே. சுற்றி இருக்கும் கட்டத்துக்கு அதனால் ஒளி எண் கூடாது. அதை விளக்காக நம்பி விட்ட தரையில் ஜாம்பி வந்து நிற்கும்.

கேள்வி: வீட்டுக்கு வர்ற நண்பர்கள் ஒண்ணுமே தெரியலைன்னு சொல்றாங்க அக்கா. விளக்கைக் கூட்டினா வௌவால் வராது.

நான் அண்ணாதான், பரவாயில்லை! விளக்கைத் தொடாதீர்கள். வாசலில் ஒரு பெட்டியில் நைட் விஷன் மருந்தை நிரப்பி வையுங்கள். தங்கக் கேரட்டில் செய்வது, மூன்று நிமிடம் வரும். ரெட்ஸ்டோன் சேர்த்தால் எட்டு நிமிடம். குடித்தவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், அறையின் ஒளி எண் அசையாது. அமைப்பில் பிரைட்னஸைக் கூட்டுவதும் அப்படியே.

கேள்வி: சிலந்தி வளர்க்க ஆசை. பயமா இருந்தா பீஸ்ஃபுல்லுக்கு மாத்திக்கலாமா?

எதிரி உயிர்களே இல்லாத அந்த நிலைக்கு மாற்றினால் பெயர் வைத்த சிலந்தியும் அந்த நொடியே போய்விடும். ஈசி என்ற எளிய நிலையிலேயே வையுங்கள். ஒளி 11 வரை அது உங்களைக் கண்டால் பாயும், கண்ணாடிச் சுவரிலும் ஏறும். மேலே மூடி கட்டாயம்.

கேள்வி: டீப் டார்க்கிலேயே வீடு கட்டினா?

2022-இல் 1.19-உடன் வந்த, நிலத்தின் ஆழத்தில் இருக்கும் அந்த இருட்டுப் பகுதியில் எந்த உயிரும் தானாக முளைக்காது. ஜாம்பித் தொல்லை இல்லை, ஆனால் வௌவாலும் வராது, நீங்களே கொண்டுவர வேண்டும். முதலில் தேடிப் பிடித்து உடைக்க வேண்டியது ஷ்ரீக்கர் என்ற அலறும் கட்டத்தை. உங்களால் அது நாலு முறை அலறினால் வார்டன் என்ற பெரிய அரக்கன் எழுந்துவிடும். காலடி அதிர்வு எட்டாமல் இருக்க, நடக்கும் வழியெல்லாம் கம்பளி பரப்பிக்கொண்டே உள்ளே போங்கள்.